முதலில் திருப்பிப் பாருங்கள்: பின்-அப் ஒற்றுத்தாள் சேகரிப்பு

கேள்வி இது: 1940, 50களில் வந்த அமெரிக்க விளம்பர ஒற்றுத்தாள்களில் (ஈர மையை ஒற்றி எடுக்கும் ப்ளாட்டிங் பேப்பர்) இருக்கும் பின்-அப் ஓவியங்களை, அதாவது சுவரில் குத்தி வைக்கும் கவர்ச்சிப் பெண் படங்களைச் சேர்க்க ஆசை. இணையத்தில் ஒரு கட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது. அவை அசலா நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எதற்குக் காசு கொடுக்கலாம், நம் ஊர் ஈரக்காற்றில் எப்படிக் காப்பாற்றுவது?

படத்தில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒற்றுத்தாளில் பொய் சொல்வது எப்போதும் முன்பக்கம்தான். படத்தை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்து அச்சடிக்கலாம். பின்பக்கத்துப் பஞ்சுத் தாளையும், அதில் எழுபது எண்பது வருடம் ஊறிய பழுப்பையும் போலியாகச் செய்வது கடினம். ஐந்து பத்து டாலர் பொருளுக்காக யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

மைப்பேனா பிடித்து எழுதியவர்களுக்கு ப்ளாட்டிங் பேப்பர் தெரியும். எழுதும் காகிதத்தில் மை பரவாமல் இருக்கப் பிசின் சேர்ப்பார்கள். ஒற்றுத்தாளில் அது கிடையாது. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் ஈர மையைத் தாமாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அதே குணத்தால், அதன்மேல் நேரடியாக நான்கு வண்ணப் படத்தை அச்சிட்டால் அச்சு மையும் உள்ளே இறங்கிவிடும்; படம் சோர்ந்து தெரியும். அதனால் விளம்பர ஒற்றுத்தாளை இரண்டு அடுக்காகச் செய்தார்கள். முன்னால் பளபளப்பான பூச்சுத் தாள், பின்னால் தடித்த உறிஞ்சு தாள், இரண்டையும் சேர்த்து ஒட்டிய அட்டை. பின்பக்கம் வெள்ளையாக மட்டும் இருக்காது. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை, வெளிர்மஞ்சள் எல்லாம் உண்டு. கையில் எடுத்தால் தபால் அட்டையை விடத் தடிமனாகவும், அந்தத் தடிமனுக்கு எதிர்பார்க்கும் கனம் இல்லாமலும் இருக்கும். இந்த உணர்வு பத்துத் தாளைத் தொட்டால் பழகிவிடும்.

அளவு தற்செயலாக வந்ததல்ல. அதிகம் கிடைப்பவை இரண்டு: சுமார் 4 × 9 அங்குலம், சுமார் 3½ × 6¼ அங்குலம். முதலாவது அமெரிக்க அலுவலகங்களின் நீள உறைக்குள்ளும், இரண்டாவது சிறிய வணிக உறைக்குள்ளும் சரியாக நுழையும். மாதக் கணக்கு பில்லோடு சேர்த்து அனுப்பினால் தனித் தபால் செலவு இல்லை. வாடிக்கையாளர் மேசையில் அது வாரக்கணக்கில் கிடக்கும். கையெழுத்துப் போடும்போதெல்லாம் கடைப் பெயர் கண்ணில் படும். ஓரத்தில் அந்த மாதத்து நாள்காட்டிக் கட்டத்தையும் சேர்த்துவிட்டால் மாதம் முடியும்வரை தூக்கி எறியமாட்டார்கள். எறிந்தாலும் அடுத்த மாதம் அடுத்த படம் வரும்.

தொழில் நடந்த விதம் சிவகாசிக் காலண்டர் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் புரியும். ஏஜென்ட் ஆல்பத்தைக் கொண்டுவருவார். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார். ஏற்கெனவே லட்சக்கணக்கில் அடித்து வைத்த படத்தின் காலி இடத்தில் கடைப் பெயரை மட்டும் பிறகு அச்சிட்டுக் கொடுப்பார்கள். அமெரிக்காவிலும் அச்சு அசல் இதுதான். ஆகவே ஒரே படம் ஓர் ஊரில் நிலக்கரி வியாபாரியின் பெயரோடும், வேறோர் ஊரில் லேத் பட்டறையின் பெயரோடும் கிடைக்கும். இப்படி இரண்டு கட்டமாக அச்சானதுதான் அசலைக் கண்டுபிடிக்க மிகப் பெரிய உதவி, கீழே வருகிறேன்.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரத்து பிரவுன் அண்ட் பிகலோ. 1896-இல் தொடங்கிய நிறுவனம். நாய்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடும் படங்களை ஓவியர் கூலிட்ஜிடம் வரைந்து வாங்கியதும் இவர்கள்தான். நிறுவனர் ஹெர்பர்ட் பிகலோ வருமான வரி ஏய்ப்புக்காக லெவன்வொர்த் சிறைக்குப் போனார். அங்கே பழக்கமான சார்லஸ் வார்டு என்ற கைதியை விடுதலைக்குப் பின் வேலைக்குச் சேர்த்தார். 1933-இல் பிகலோ இறந்தபோது நிறுவனம் வார்டின் கைக்கு வந்தது. பின்-அப்பின் பொற்காலம் அவருடைய நிர்வாகத்தில்தான் நடந்தது. அதே ஊரில் லூயிஸ் எஃப். டவ், ஒஹாயோவின் கோஷாக்டனில் ஷா-பார்ட்டன், அயோவாவின் ரெட் ஓக்கில் தாமஸ் டி. மர்ஃபி, இல்லினாயின் ஜோலியட்டில் கெர்லாக்-பார்க்லோ ஆகியவை விளம்பரக் காலண்டர் தொழிலின் மற்ற பெயர்கள். தாளின் விளிம்பில், படத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் காப்புரிமை வரி இருக்கும். அதைப் படித்தாலே எந்த நிறுவனத்துப் படம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஓவியர்களில் எல்லோரும் துரத்துவது ஜில் எல்வ்கிரனை. 1937 வாக்கில் டவ் நிறுவனத்துக்கு வரைய ஆரம்பித்தார்; 1940களின் நடுவில் பிரவுன் அண்ட் பிகலோவுக்கு மாறி 1972 வரை அங்கே இருந்தார். அவரை டவ் காலம், பிகலோ காலம் என்று பிரித்தே பேசுவார்கள். இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்வ்கிரன் போன பிறகு, கைவசம் இருந்த அவருடைய பழைய ஓவியங்களின் மேலேயே வான் பாஸ் என்ற ஓவியரை வைத்து உடை, தலைமுடி, பின்னணி ஆகியவற்றை மாற்றி வரையச் செய்து டவ் மறுபடி விற்றது. அதே முகம், அதே நிற்கும் தோரணை, வேறு கவுன் என்று ஒரு தாள் வந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது அந்தக் காலத்திலேயே நடந்த ஒட்டுவேலை. சிலர் இரண்டு வடிவத்தையும் ஜோடியாகச் சேர்க்கிறார்கள்.

ஏர்ல் மோரன் 1940களின் பிற்பகுதியில் பயன்படுத்திய மாடல்களில் ஒருவர், நார்மா ஜீன் என்ற இயற்பெயர் கொண்ட மர்லின் மன்றோ. ஆகவே மோரன் கையெழுத்துள்ள தாள்களில் பாதிக்கு மேல் ‘இது மர்லின்’ என்று விற்பார்கள். 1946-க்கு முந்தைய தேதி இருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். பிந்தைய தேதி இருந்தாலும், எந்த ஓவியம் என்று அடையாளம் சொல்ல முடியாத விற்பனையாளருக்கு அதற்காக ஒரு பைசா கூடுதலாகத் தரவேண்டியதில்லை. ஸோயி மோஸர்ட் கண்ணாடி முன் நின்று தன்னையே மாடலாக வைத்து வரைந்தவர். ஜாய்ஸ் பாலன்டைன், பேர்ல் ஃப்ரஷ் என்று இந்தத் துறையில் பெண் ஓவியர்கள் இன்னும் உண்டு. 1959-இல் காப்பர்டோன் வெயில் களிம்பு விளம்பரத்துச் சிறுமியை வரைந்தவர் இந்த பாலன்டைன்தான். ஏர்ல் மெக்ஃபெர்சன் தொடங்கிவைத்த பாணி வேறு: நடுவில் வண்ணத்தில் முடிந்த உருவம், சுற்றிலும் பென்சில் கிறுக்கல்கள், ஓவியரின் குறிப்பேட்டைக் கிழித்து எடுத்தது போல. ரோல்ஃப் ஆம்ஸ்ட்ராங், டி’ஆன்கோனா, பில் மெட்காஃப், ஆல் பியூல், டெட் விதர்ஸ், ஃப்ரீமன் எலியட் ஆகிய பெயர்களையும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். எல்வ்கிரனின் மூல ஓவியங்கள் பெரும்பாலும் 30 × 24 அங்குல கேன்வாஸில் நெட்டுக்குத்தாக வரைந்தவை. ஒற்றுத்தாளோ படுக்கைவாட்டம். ஆகவே படத்தை இடப்பக்கம் மூன்றிலொரு பங்கில் ஒதுக்கி வலப்பக்கம் விளம்பரம் போடுவார்கள். அல்லது கால், தரை, பின்னணி ஆகியவற்றை வெட்டிவிடுவார்கள். வெட்டும்போது ஓவியர் கையெழுத்தும் போய்விடுவதுண்டு. கையெழுத்து இல்லாததால் அது வேறு யாரோ வரைந்தது என்றோ, நகல் என்றோ ஆகிவிடாது.

இனி சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், ஓர் அங்குல ஸ்கேல் போதும்.

முதலில் விளம்பர எழுத்துகளை லென்ஸில் பாருங்கள், படத்தை அப்புறம். அசலில் கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தனியாக, ஈய எழுத்தில், பெரும்பாலும் ஒரே கறுப்பு அல்லது ஒரே நீல மையில் அடித்தவை. எழுத்தின் உடல் முழுக்கத் திட்டாக, விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். நம் ஊர் டிரெடில் மெஷினில் அடித்த கல்யாணப் பத்திரிகை போல, எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு மெல்லிய கறுப்பு வரம்பு கட்டியிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து பதிந்த பள்ளம் தெரிவதும் உண்டு. நகலில் படமும் எழுத்தும் ஒரே ஸ்கேனிலிருந்து வந்தவை. ஆகவே கறுப்பு எழுத்தே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளால் ஆகியிருக்கும், விளிம்பு பிசிறடிக்கும். காப்புரிமை வரியின் பொடி எழுத்து நகலில் குழம்பிப் போயிருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே நகல்களில் பெரும்பகுதி கழன்றுவிடும்.

விளம்பர வரி சற்றே சாய்ந்தோ, நடுவிலிருந்து விலகியோ இருந்தால் அதுவும் நல்ல அறிகுறி. படம் ஒரு முறை, பெயர் ஒரு முறை என்று இரண்டு தடவை மெஷினில் ஏறிய தாள் அது.

அடுத்தது படத்தின் புள்ளிகள். அந்தக் காலத்து நான்கு வண்ண அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில், சின்னச் சின்னப் பூ போலக் கூடியிருக்கும். பிளாக் வைத்து அடித்ததானால் புள்ளியின் ஓரம் நடுவை விட அடர்த்தி. ஆஃப்செட்டானால் புள்ளி முழுக்க ஒரே சமம். இரண்டுமே அசலாக இருக்கலாம். வரிசையே இல்லாமல் மணல் தூவியது போலப் புள்ளி சிதறியிருந்தால் இன்க்ஜெட். மை தாளின்மேல் மெழுகு போலப் படிந்து மினுக்கினால் லேசர் பிரிண்டர். புள்ளிக்குள் புள்ளியாக, அலை அலையாகக் கோடு ஓடினால் அச்சான படத்தை ஸ்கேன் செய்து மறுபடி ஆஃப்செட்டில் அடித்திருக்கிறார்கள்.

பிறகு ஓரம். தாளின் விளிம்பை லென்ஸில் பார்த்தால் மேலே மெல்லிய வெள்ளை அடுக்கு, கீழே நார் நாரான தடித்த அடுக்கு என்று இரண்டும் பிரிந்து தெரியவேண்டும். மழுங்கிய முனைகளில் இது நன்றாகத் தெரியும். விளிம்பு முழுக்க ஒரே பொருளாக இருந்தால் அது சாதாரண அட்டை.

புற ஊதா டார்ச்சை இருட்டறையில் இரண்டு பக்கமும் அடியுங்கள். காகிதத்தில் வெண்மையூட்டும் ஒளிர் சாயங்கள் பரவலாகச் சேர ஆரம்பித்தது ஏறத்தாழ 1950-க்குப் பிறகு. 1944 என்று தேதி போட்ட தாள் சலவைச் சட்டை போல நீலமாக ஜொலித்தால் அது 1944-இல் பிறந்ததல்ல. 1950களின் கடைசித் தாள் ஒளிர்ந்தால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டமுடியாது. ஒளிராவிட்டாலும் அசல் என்று முடிவு கட்டவேண்டாம். சாயம் சேர்க்காத காகிதம் இன்றும் கிடைக்கிறது.

தண்ணீர் சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், அசல் உடனே உறிஞ்சும்; அட்டையில் சொட்டு முத்துப் போல நிற்கும். ஆனால் காய்ந்த பிறகு சொட்டின் ஓரத்தில் பழுப்பு வட்டம் நிரந்தரமாக நின்றுவிடும். சோதித்த தாள் பாஸ் ஆகி, விலையில் ஃபெயில் ஆகும்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். புத்தம் புதிதாக, மூலை கூட மழுங்காமல் இருப்பதாலேயே சந்தேகப்படவேண்டாம். அச்சகங்களிலும் மூடிய கடைகளிலும் பிரிக்காத கட்டுகள் மிஞ்சியிருந்தன. அவை இன்று ஒன்றுபோல ஐம்பது நூறு என்று சந்தைக்கு வருவது சகஜம். இன்னொன்று, ஏஜென்ட்டின் மாதிரித் தாள். கடைப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘உங்கள் விளம்பரம் இங்கே’ என்றோ கற்பனைக் கம்பெனி பெயரோ இருக்கும். ஓரத்தில் வரிசை எண், ஆல்பத்தில் கோத்த ஓட்டை, பின்னால் ஆயிரத்துக்கு என்ன விலை என்ற பட்டியல் இருக்கலாம். இதுவும் அசல்தான். சிலர் மாதிரியைத்தான் விரும்புகிறார்கள், எப்போதும் சுத்தமாக இருப்பதால். நிஜக் கடையின் பெயரும் முகவரியும் உள்ள தாள்தான் மேல் என்பது என் கட்சி. அதில் ஊரும் காலமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுமார் 3¼ × 5¼ அங்குலத்தில், பின்பக்கம் உறிஞ்சாத அட்டையாக, மியூட்டாஸ்கோப் என்ற பெயர் அச்சிட்டு வருபவை ஒற்றுத்தாள்களே அல்ல. விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டால் விழும் எந்திர அட்டைகள். இதே ஓவியர்களின் படங்கள் அதிலும் உண்டு என்பதால் தெரியாமல் கலந்து விற்பார்கள். அது தனிச் சேகரிப்பு.

காலத்தைக் கணிப்பது சுவையான வேலை. மாதக் கட்டம் இருந்து வருடம் இல்லாவிட்டால் முதல் தேதியின் கிழமையை வைத்துப் பிடிக்கலாம். ஆனால் ஒரே அமைப்பு பல வருடங்களுக்குப் பொருந்தும். 1941, 1947, 1958 மூன்றுக்கும் நாள்காட்டி ஒன்றே. எது என்பதை முகவரி சொல்லும். ஊர்ப் பெயருக்குப் பிறகு ஓரிரு இலக்க எண், உதாரணமாக ‘மினியாபொலிஸ் 3’ என்று இருந்தால் அது 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது. அந்தத் தபால் மண்டல எண்கள் பெரிய நகரங்களுக்கு 1943-இல் வந்தன. ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்கப் பின்கோடு) வந்தது 1963 ஜூலையில். தொலைபேசி மூன்று நான்கு இலக்கம் என்றால் சிற்றூர். இரண்டு எழுத்தும் ஐந்து எண்ணும் என்றால் பெரிய நகரம். போர்க்காலப் பத்திரங்களை வாங்கச் சொல்லும் வாசகம் இருந்தால் 1942 முதல் 1945 வரை. படத்தின் காப்புரிமை ஆண்டையே தாளின் ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக விற்ற படத்தைப் பல வருடம் விற்றிருக்கிறார்கள்.

1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில் ரெனால்ட்ஸ் பால்பாயின்ட் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. விலை இறங்க இறங்க ஒற்றுத்தாளுக்கு வேலை குறைந்தது. 1950களின் இரண்டாம் பாதித் தாள்கள் பல, மையே படாமல் வெறும் குட்டிக் காலண்டராக மேசையில் கிடந்தவை. பின்பக்கம் சுத்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்பக்கத்தில் கண்ணாடி எழுத்தாக மை பதிந்திருந்தால் விலை குறையும். ஆனால் அதை நான் பெரிய குறையாக எண்ணமாட்டேன். தாள் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவே. கண்ணாடியில் காட்டிப் படித்தால் சில சமயம் தேதி கூடக் கிடைக்கும். உண்மையான குறைகள் வேறு. முதலாவது, ஆல்பம் பசை. உறிஞ்சு தாளுக்கு உள்வலிமை கிடையாது. கறுப்பு ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்த்தால் பசை இருக்கும் இடத்தில் ஓர் அடுக்கே உரிந்து வந்துவிடும். நான்கு மூலையிலும் வட்ட வட்டமாகப் பள்ளம் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இரண்டாவது, வெளிச்சம். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். பெண்ணின் முகம் நீலம் பாரித்துத் தெரியும். இதற்கு மருந்து இல்லை. மூன்றாவது, வெட்டு. விளம்பரம் பிடிக்காதவர்கள் அதைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருப்பார்கள். ஸ்கேலால் அளந்து, நான்கு விளிம்பின் வெள்ளை ஓரத்தையும் ஒப்பிட்டால் பிடிபடும். வெட்டிய தாளுக்கு என் கணக்கில் கால் விலைக்கு மேல் கிடையாது. ரப்பர் பேண்ட் தடம், ஜெம் கிளிப் துரு, குண்டூசி ஓட்டை ஆகியவை அடுத்த நிலை.

விலையை நிர்ணயிப்பவை ஓவியர், நிலை, விளம்பரதாரர் என்ற இந்த வரிசையில் வரும். எல்வ்கிரன் எப்போதும் மேலே. கோகோ கோலா போன்ற பெரிய பெயர் இருந்தால் பின்-அப் சேகரிப்பவரோடு அந்த நிறுவனப் பொருள் சேகரிப்பவரும் போட்டிக்கு வருவார். நகலும் அங்கேதான் அதிகம். கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏலத் தளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டி, அதே படத்துக்கு அண்மையில் உண்மையில் கைமாறிய தொகையைப் பாருங்கள். தொடக்கத்துக்கு எல்வ்கிரன் வேண்டாம் என்பேன். ஒரே அச்சு நிறுவனம், அல்லது ஒரே ஊர், அல்லது ஒரே தொழில் என்று வரம்பு கட்டுங்கள். பட்டறைகள், லாரி கம்பெனிகள், மரக்கடைகள், உதிரிபாகக் கடைகள்தான் இந்தப் படங்களை அதிகம் வாங்கின. ஆண்கள் மட்டும் புழங்கிய அலுவலகங்களுக்கு ஆண் ஏஜென்ட்கள் விற்ற பொருள் இது என்பதை அந்தப் பெயர்களே காட்டிவிடும். ஒரே கடை ஜனவரி முதல் டிசம்பர் வரை அனுப்பிய 12 தாளும் ஒன்றுசேர்ந்தால் தனித்தனி விலையின் கூட்டுத்தொகையை விட மதிப்பு அதிகம்.

பாதுகாப்பில் மறக்கக்கூடாதது ஒன்றுதான்: உங்களிடம் இருப்பது ஒரு பஞ்சு. சுற்றியுள்ள ஈரம், வாசனை, எண்ணெய், எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். அதிலும் இரண்டு அடுக்கும் ஈரத்தை ஒரே வேகத்தில் வாங்குவதில்லை; ஒன்று நீள, மற்றது இழுக்க, தாள் வில்லாக வளையும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அதைத் தாண்டாத நாள் குறைவு. படப்பக்கத்தின் பூச்சுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. ஈரத்தில் இரண்டு தாளை முகத்தோடு முகம் வைத்தால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டு முகமும் போச்சு.

ஒவ்வொன்றுக்கும் தனி பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை போடுங்கள். தபால் அட்டை உறை சிறியது, நுழையாது. 4 × 9 தாளுக்கு 4⅛ × 9½ அங்குல நீள உறை அளவில் கேளுங்கள். பி.வி.சி. உறை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை மையை இழுத்து உறையில் ஒட்டவைக்கும். உறைகளை அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, அந்தப் பெட்டியைக் காற்றுப் புகாத மூடி உள்ள பெரிய டப்பாவுக்குள் வையுங்கள். சிலிகா ஜெல் கணக்கு லிட்டருக்கு 20 கிராம்; 5 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம். கூடவே சின்ன ஈரப்பதமானி ஒன்று. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். 30-க்குக் கீழே போனால் தாள் மொடமொடத்து வளையும். ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். வேப்பிலை, வசம்பு, நாப்தலின் உருண்டை எல்லாம் புத்தக அலமாரியோடு இருக்கட்டும். இங்கே வைத்தால் அந்த நெடியும் கறையும் தாளுக்குள் குடியேறிவிடும்.

இராமபாணப் பூச்சி இருக்குமோ என்று சந்தேகமானால், புதிதாக வந்த தாள்களை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, வீட்டு ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு முழு நாள் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்கவும். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளின்மேல் காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும்.

வளைந்த தாளை இஸ்திரி போடாதீர்கள், பூச்சு வெடிக்கும். இரண்டு சுத்தமான வெள்ளை ப்ளாட்டிங் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே சமமான கனம் ஏற்றி, இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். தூசியை மென்மையான பிரஷ்ஷால் படப்பக்கம் மட்டும் தட்டலாம். பின்பக்கத்தில் ரப்பர் போட்டால் நார் எழும்பித் திட்டுத் திட்டாகத் தெரியும். ஈரத்துணி எந்தப் பக்கமும் கூடாது. பின்னால் பதிந்திருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் மை. ஒரு துடைப்பில் முன்பக்கம்வரை ஊறிவிடும். சட்டம் போட்டு மாட்ட ஆசையென்றால் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து அந்த நகலை மாட்டுங்கள். வீட்டில் மாட்டுவதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அச்சடித்து விற்கும் எண்ணம் இருந்தால் காப்புரிமையைப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியான படங்களுக்கு 28-ஆம் வருடத்தில் உரிமையைப் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதி. எது புதுப்பிக்கப்பட்டது என்பதைப் படம் படமாகப் பதிவேட்டில் தேடவேண்டும். பழையது என்பதால் எல்லாம் பொதுச்சொத்து என்று நினைக்கவேண்டாம்.

நீங்கள் பார்த்திருக்கும் கட்டுக்கு விலை சொல்வதற்கு முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள். பின்பக்கம் எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒன்று. ஏதாவது ஒரு தாளின் விளம்பர எழுத்தை, ஃபோன் கேமராவை நெருக்கி வைத்து ஒன்று. ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒன்று. அசல் வைத்திருப்பவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். வாங்குவது என்று முடிவானால், தாள்களை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு அவற்றை விட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிய இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஓர் அட்டையின் நெளிவு நீளவாட்டிலும் மற்றதன் நெளிவு குறுக்குவாட்டிலும் இருக்கவேண்டும். அப்போதுதான் தபால் பையில் எந்தப் பக்கமும் மடங்காது. டேப்பை அட்டையில் மட்டும் ஒட்டவேண்டும், உள் உறையில் ஒட்டக்கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பிரிக்கும்போது டேப்போடு ஒரு மூலையும் வந்துவிடும்.